இரண்டு டம்ளர் கோடு

சேசு மரி சூசை

லஸ், மயிலாப்பூர்,
10 ஏப்ரல் 1946.

அன்பு நிறைந்த என் வீட்டுக்காரருக்கு ஃப்ளோரன்ஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவால் நானும் உங்கள் அக்காவும் சுகமாயிருக்கிறோம். பாடேரு மலைக்குப் போனபிறகு உங்களுக்குக் காய்ச்சல் திரும்பவில்லை என்று படித்துத்தான் மனம் சமாதானமானது. அதற்காகக் கொயினா மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நாலைந்து தரம் படித்தேன். "மே மாதம் இங்கே அவ்வளவு வெயில் இராது. உனக்கும் லீவுதானே" என்று எழுதியிருக்கிறீர்கள். வா என்று எழுதவில்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக சர்வே இலாகா உங்களை எங்கெங்கோ கூடாரம் போட்டு உட்காரவைக்கிறது, ஒரு காம்பிலிருந்தும் இப்படி ஒரு வரி வந்ததில்லை. ஆகையால் வா என்றே எடுத்துக்கொள்கிறேன். பள்ளிக்கூடம் மூடியதும் மே முதல் வாரத்தில் புறப்படுகிறேன். உங்கள் அக்காவிடம் சொன்னதற்கு, "புலி கிலி இருந்தா உன்னைப் பாத்து அதுதான் பயப்படும், தைரியமா போய்வா" என்று ஆசீர்வாதம் செய்தார்கள்.

எனக்கு முன்னால் ஒரு பார்சல் வருகிறது. காற்றில் ஸ்டவ் அணைந்துபோகிறது, மண்ணெண்ணெய் ரேஷன் மாசக் கடைசிவரை நிற்பதில்லை, சமையற்காரன் ஓடிப்போனதிலிருந்து காப்பிகூட நேரத்துக்கு இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மவுண்ட் ரோடு கடைகளில் விசாரித்தேன். காம்ப் சாமான்கள் யுத்தம் முடிந்தும் இன்னும் வந்தபாடில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று தோன்றியது. நாற்பத்திரண்டில் குண்டு விழும் பயத்தில் ஊரே காலியானபோது டீச்சர்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்களே, தகர டப்பாவில் அடுப்பும் பாத்திரமும் செய்ய, அந்தப் படிப்பு இப்போதுதான் உதவுகிறது. ஒரு வாரமாகச் சமையலறை முழுக்கத் தகரத் துண்டும் கம்பியுமாகக் கிடக்கிறது. பி.ஏ. படித்தவள் டப்பாவோடு மாரடிக்கிறாள் என்று உங்கள் அக்கா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பார்சலைப் பிரித்ததும் மேலே இருப்பது காற்றுத் தடுப்பு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி மூன்று பலகையாகக் கம்பியில் கோத்திருக்கிறேன். ஸ்டவ்வைச் சுற்றி நிறுத்துங்கள், வேலை முடிந்ததும் புத்தகம்போல் மடித்துவிடலாம். சைக்கிள் கம்பியில் வளைத்த சின்ன முக்காலியும் இருக்கிறது. அதன்மேல் பாத்திரம் ஆடாமல் உட்காரும். சாம்பல் நிறத்தில் பைபோல் இருப்பது உங்கள் பழைய கோட்டுத்தான், கல்யாணத்துக்கு மறுவருஷம் தைத்தது. அதில் பாத்திரத்துக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன். அரிசியைப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு இறக்கி, மூடியோடு இந்தச் சட்டைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் சோறு தானாக வெந்திருக்கும், எண்ணெயும் மிச்சம். நான் இரண்டு தரம் வைத்துப் பார்த்துவிட்டேன். பூச்சி அரித்த கோட்டு இவ்வளவு சூட்டை வைத்திருக்குமென்று நினைக்கவில்லை.

கடைசியாகக் காப்பிப் பாத்திரம். பால் பவுடர் டப்பாதான், பக்கத்தை ஈயம் வைத்து ஒட்டாமல் மடித்து அறைந்த டப்பாவாகப் பார்த்து எடுத்தேன். அதற்குப் பிடி வைக்கத்தான் பெரிய சண்டை. கச்சேரி ரோட்டில் தகர வேலை செய்கிற கனகராஜை உங்களுக்குத் தெரியும், நம் தண்ணீர்த் தொட்டிக்கு ஓட்டை அடைத்தவன். பிடியை ஈயப் பற்று வைத்து ஒட்டிக் கொடு என்றேன். அவன், "நெருப்பாண்ட போற சாமானுக்கு ரிவிட்டு அடிக்கணும் டீச்சர், பத்து வச்சா உருகிக்கினு பூடும்" என்று ஒரே பிடிவாதம். ரிவிட்டுக்கு ஓட்டை போட்டால் அதன் வழியாக ஒழுகும் என்பது என் கட்சி. உள்ளே தண்ணீர் இருக்கிறவரை தகரம் நூறு டிகிரிக்கு மேல் போகாது, பற்று உருக ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு வேண்டும் என்று சொன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் என் டிகிரி எதுவும் தேறவில்லை. மறுநாள் பள்ளியிலிருந்து ஸ்பிரிட் விளக்கைக் கொண்டுபோனேன். நோட்டுக் காகிதத்தைப் பெட்டிபோல் மடித்து, தண்ணீர் ஊற்றி, அவன் கடை வாசலில் வைத்தே கொதிக்கவைத்துக் காட்டினேன். காகிதம் கருகவில்லை. போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். கனகராஜ் தலையைச் சொறிந்துகொண்டு, "காயிதத்துலயே காப்பி போடுற ஆளாண்ட நான் இன்னா பேசுறது" என்று சொல்லிப் பற்று வைத்துக் கொடுத்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. எனக்குச் சந்தோஷம், கொஞ்சம் கர்வமும்தான்.

பாத்திரத்தின் உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறியிருக்கிறேன். பிடி ஒட்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே இருக்கும். அதுவரை ஊற்றினால் சரியாக இரண்டு டம்ளர். ஏன் இரண்டு என்று கேட்கமாட்டீர்கள். மற்றதை நானே வந்து ஊற்றிக் காட்டுகிறேன்.

பாஸ்குத் திருநாளுக்கு இங்கே சர்க்கரைதான் இல்லை, வேறு குறை ஒன்றுமில்லை. தேவமாதா காட்டிலும் மலையிலும் உங்களைக் காப்பாற்றுவாளாக.

உங்கள்,
ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை

லஸ், மயிலாப்பூர்,
3 மே 1946.

என் அன்புக்குரியவருக்கு,

கோபிக்காமல் படிக்கவேண்டும். இந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. சயன்ஸ் பேப்பருக்கு என்னைத் தலைமை எக்ஸாமினராகப் போட்டிருக்கிறார்கள். நம் கான்வென்டில் இதற்கு முன் யாரையும் போட்டதில்லை. மதர் என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? பேப்பர் கட்டுகள் மே முழுதும் வந்துகொண்டிருக்கும். ஜூன் முதல் வாரம் பள்ளி திறந்துவிடும். எனவே இந்த லீவுக்கு வருவதற்கில்லை. அடுத்த லீவுக்குக் கட்டாயம் வருகிறேன்.

உங்கள் அக்கா என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. இன்று காலை பேசினார்கள். "பரீட்சை எழுதின பிள்ளைங்களை எல்லாம் பாஸ் போடு. நீ ஒருத்திதான் பெயில்" என்றார்கள். நீங்கள் அப்படி நினைக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பார்சல் வந்ததென்றும், காப்பிப் பாத்திரத்தை மட்டும் இன்னும் எடுக்கவில்லை, நான் வந்தபிறகு எடுக்கலாமென்று வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்காக அதைப் பெட்டிக்குள் வைத்திருக்கவேண்டாம். நாளைக்கே எடுத்துப் போட்டுக் குடியுங்கள். நீங்கள் ஒருவர்தானே, அந்தக் கோட்டைப் பார்க்காதீர்கள். அதில் பாதி ஊற்றினால் உங்களுக்கு ஒரு டம்ளர் சரியாயிருக்கும். காற்றுத் தடுப்பை நன்றாக நெருக்கி வையுங்கள், சீக்கிரம் கொதிக்கும்.

அவசரமாக எழுதுகிறேன். கட்டுகள் காத்திருக்கின்றன.

உங்கள்,
ஃப்ளோரன்ஸ்

*

சேசு மரி சூசை

லஸ், மயிலாப்பூர்,
ஞாயிறு, 16 நவம்பர் 1947.

என் அன்புக்குரியவருக்கு,

இது நீளமான கடிதம். கையில் பிடித்துப் படிக்கவேண்டாம், மேசைமேல் வைத்துப் படியுங்கள். எனக்குத் தெரிந்துவிட்டது.

பீர் முஹம்மதுவைக் கோபிக்காதீர்கள். தேனாம்பேட்டையில் அவன் தங்கை ஜைதூன் பீ வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் காம்பிலிருந்து லீவில் வந்தவன், நீங்கள் கொடுத்தனுப்பிய மலைத்தேனை முந்தாநாள் மழையோடு மழையாகக் கொண்டுவந்து கொடுத்தான். உங்கள் அக்கா அவனுக்குப் பலகாரம் வைத்தார்கள். நான் எதிரில் உட்கார்ந்து, உங்கள் ஐயாவுக்கு வீட்டுக்கு நாலு வரி எழுத நேரமில்லையா, மூன்று மாதமாக ஒரு கார்டுதானே வந்திருக்கிறது என்று குத்தலாகத்தான் கேட்டேன். அவன் வாயில் போட்டதை மெல்லாமல் என்னைப் பார்த்தான். "இன்னாம்மா இப்டி கேக்குற? அந்தக் கைய வச்சிக்கினு பிரகாசம் ஐயா எழுதுறதே பெரிசு" என்றான். எந்தக் கை என்றேன். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "ஐயோ, உனுக்குச் சொல்லலியா? நான் ஒளறிட்டனா?" என்று எழுந்து நின்றுவிட்டான். உங்கள் அக்கா கதவை மறித்துக்கொண்டு, முழுதும் சொல்லாமல் தாண்டிப்போனால் காலை ஒடிப்பேன் என்றார்கள். பாவம், அவன் சொன்னான்.

போன வருஷம் ஜூன் மாதம், மழை பிடித்த இரண்டாம் நாள் காலை. ஸ்டவ்வைச் சுற்றித் தடுப்பை நெருக்கி வைத்து நீங்கள் காப்பி போட்டீர்கள். கொதித்ததும் பிடியைப் பிடித்துத் தூக்கினீர்கள். பிடி கையோடு வந்தது, பாத்திரம் வரவில்லை. சரிந்த பாத்திரத்தை விழாமல் தாங்கக் கையை நீட்டினீர்களாம். எரிகிற ஸ்டவ்வின்மேல். பாத்திரத்தைப் பிடித்துவிட்டீர்களாம். அவன் அதைச் சொல்லும்போது, "உட்டுத் தொலைச்சிருக்கலாம்மா. தம்மாத்தூண்டு டப்பா. உடாம புடிச்சிக்கினு கீறாரு" என்று அழுதான். நான் அழவில்லை. எனக்கு அந்த நேரத்தில் ஒரு கணக்குப் பாடம்போல எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது.

கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரலும் மடங்குவதில்லை என்றான். டிராயிங் பேனாவைப் பிடிக்க முடியவில்லை, படம் போடுவதெல்லாம் இப்போது புதிதாக வந்த சின்னவர்தான், ஐயாவுக்குச் சாமான் கூடாரத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றான். மலையின் மடிப்பையெல்லாம் மயிரிழை மயிரிழையாகக் கோடு இழுக்கிற கை. உங்கள் இலாகாவில் அந்தக் கோடுகளைப் பார்த்தே யார் போட்ட படம் என்று சொல்லிவிடுவார்கள் என்று கேட்டிருக்கிறேன்.

உங்கள் கார்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். போன வருஷம் ஜூன் வரைக்கும் கடிதங்கள். ஜூலையிலிருந்து கார்டு. எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் இருக்கிறது, இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. சுகம். மழை. சுகம். நான் வராததற்குக் கோபம், அதனால்தான் ஏனோதானோ என்று கிறுக்கி அனுப்புகிறீர்கள் என்று நினைத்தேன். நானும் வீம்புக்கு இரண்டு வரிதான் எழுதினேன். போன டிசம்பரில் வரவா என்று நான் கேட்கவே இல்லை. இந்த மே மாதமும் கேட்கவில்லை. நீங்கள் இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டிருந்த வரிகளுக்கு நான் பதிலுக்குப் பதில் சிக்கனமாக எழுதிக்கொண்டிருந்தேன். முப்பது பிள்ளைகளின் கையெழுத்தைப் பார்த்தால் எது யாருடையது, யார் காய்ச்சலில் எழுதினது என்று சொல்லுகிறவள் நான்.

நேற்று கனகராஜிடம் போனேன். அதேபோல் ஒரு டப்பாவுக்கு அதேபோல் பிடி ஒட்டித் தரச் சொன்னேன். காரணம் கேட்டான், சொன்னேன். வீட்டில் நம் பம்ப் ஸ்டவ்வை ஏற்றி, தகரத் தடுப்பை நெருக்கி நிறுத்தி, முதலில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்தேன். நன்றாகக் கொதித்து இறக்குகிறவரை பற்று அசையவில்லை. பிறகு ஒரு டம்ளர் ஊற்றி வைத்தேன். பிடி ஒட்டிய இடத்துக்குக் கீழே நின்றது தண்ணீர். அதற்குமேல் வெறும் தகரம். தடுப்பு இருப்பதால் ஜ்வாலை வெளியே போகாமல் பாத்திரத்தை ஒட்டியே மேலே ஏறுகிறது. நாலு நிமிஷம் ஆகவில்லை. பற்று பாதரசம்போல் பளபளவென்று ஆகி, ஒரு சொட்டு கீழே வழிந்தது. பிடி தொங்கிற்று.

இது எனக்குத் தெரியாததா? வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிற பாடம். தண்ணீர் நிற்கிற இடத்தில் மட்டும்தான் காகிதமும் கருகாது, பற்றும் உருகாது. அதனால்தான் அந்தக் கோட்டைப் பிடிக்கு மேலே கீறினேன். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று எழுதினேனா? எழுதவில்லை. நான்தானே வரப்போகிறேன், நான்தானே ஊற்றப்போகிறேன் என்று விட்டுவிட்டேன். பிறகு வரவில்லை என்று எழுதின கடிதத்தில், பாதி ஊற்றுங்கள் என்று எழுதினேன். தடுப்பை நெருக்கி வையுங்கள் என்றும் எழுதினேன். நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், அந்த வரியை எழுதும்போது பற்றைப் பற்றி ஒரு கணம்கூட எனக்கு ஞாபகம் வரவில்லை. பேப்பர் கட்டுகள்தான் கண்முன் இருந்தன. இரண்டு பேருக்கென்று செய்த பாத்திரம். ஒருவர் குடித்தால் கையைச் சுடும்படி அதைச் செய்திருக்கிறேன்.

கனகராஜ் இன்று பூசை முடிந்து நான் வரும்போது லஸ் கோவில் வாசலில் நின்றிருந்தான். நான் சொன்னது சரியாயிற்றா என்று கேட்பான், கேட்கட்டும் என்று போனேன். அவன், "உடு டீச்சர். பத்து வச்சது என் கைதானே. எனுக்குத் தெரிஞ்சே வச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதைவிட அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று மாலை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மறதி பாவமாகாது மகளே, பிரியத்தோடு செய்த காரியம்தானே என்றார். மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு அது போதவில்லை, ஏனென்றால் அவரிடம் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

தலைமை எக்ஸாமினர் என்று உத்தரவு வந்தபோது நான் வருத்தப்படவில்லை. அப்பாடா என்றிருந்தது. மதர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதாக எழுதினேன் அல்லவா, அது பொய். மதர் விசாரித்ததெல்லாம், ஊருக்குப் போவதாக இருந்தாயே ஃப்ளோரன்ஸ், வேறு யாரையாவது போடச் சொல்லட்டுமா என்றுதான். வேண்டாம், இருக்கிறேன் என்று நான்தான் சொன்னேன்.

உங்களுக்கு ஞாபகமிருக்கும், வயநாட்டுக் காம்ப். இருபத்தெட்டாம் வருஷம். எனக்கு ஞாபகமில்லாத நாளில்லை. நாலாம் நாள் காலை. ஈர விறகுப் புகையில் கண் திறக்க முடியவில்லை, காலில் அட்டை ஏறியிருந்தது. நீங்கள் மூன்று கல் கூட்டிய அடுப்பிலிருந்து இரண்டு டம்ளர் காப்பி எடுத்துக்கொண்டு வந்தீர்கள். உங்கள் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். குறவர்கூட்டம்போல் கல் கூட்டிப் பொங்கித் தின்னத்தானா நான் பி.ஏ. படித்தேன் என்று கத்தினேன். நீங்கள் இரண்டு டம்ளரையும் கீழே வைத்தீர்கள். மத்தியானம் எனக்கு வண்டி கட்டச் சொன்னீர்கள். அதன்பிறகு ஒருநாளும் அதைப்பற்றிப் பேசவில்லை, ஒருநாளும் கூப்பிடவுமில்லை. நான் இந்த வீட்டில் பாடம் நடத்திக்கொண்டு, லீவுக்கு வருகிற உங்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்த வார்த்தையைத் தகரத்தை வெட்டி, கம்பியை வளைத்து, கோட்டைத் தைத்து, கையெல்லாம் கீறிக்கொண்டு திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதைச் செய்கிறவரை தைரியமிருந்தது. வந்து அந்தக் கூடாரத்துக்குள் குனிந்து நுழையவேண்டும் என்றபோது இல்லை. உங்கள் ஆட்களில் யாராவது அன்று வயநாட்டில் இருந்த பழைய ஆளாயிருந்தால், இவள்தான் அவள் என்று பார்ப்பான் என்று பயந்தேன். அதற்கு ஒரு சாக்கு கிடைத்தது, பிடித்துக்கொண்டேன். வந்திருந்தால் ஜூன் மாதம் நான் அங்கே இருந்திருக்கமாட்டேன், திரும்பியிருப்பேன் என்பது வேறு. ஆனால் கோடு எதற்கென்று உங்களுக்குச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

செப்டம்பரில், ரிட்டயர் ஆகிற வருஷம் வந்தும் இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், சம்மதித்துவிட்டேன் என்று கார்டு போட்டீர்கள். என்னோடு ஒரே வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பீர் முஹம்மது சொல்கிறான், அவர்கள் ஒன்றும் இருக்கச் சொல்லவில்லையாம், நீங்கள்தான் எழுதிக் கேட்டு வாங்கினீர்களாம். "இந்தக் கையோட ஊட்டாண்ட போனா அவ மூஞ்சியப் பாக்க முடியாதுடா" என்றீர்களாம். நான் உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து இங்கேயும், நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் பயந்து அங்கேயும். கையைக் காட்டினால் நான் உடைந்துபோவேன் என்று நீங்கள் ஒளித்துவைத்தீர்கள். சரியாகத்தான் கணித்திருக்கிறீர்கள். ஆனாலும் உடைந்திருப்பேனே தவிர, ஒன்றரை வருஷம் உங்கள் எழுத்தைத் தப்பாகப் படித்துக்கொண்டிருக்கமாட்டேன்.

பீர் முஹம்மது கிளம்பும்போது, அந்தப் பாத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்தானே என்று கேட்டேன். இல்லை என்றான். பிடிக்குப் பதில் கம்பியைச் சுற்றிக் கட்டி, கந்தைத் துணி சுற்றி வைத்திருக்கிறீர்களாம். அதில்தான் இன்னும் காப்பியாம். அவனே சிரித்துக்கொண்டு மேலும் ஒன்று சொன்னான். "இப்பல்லாம் உள்ளார ஒரு கோடு கீதே, கரெக்டா அத்தத் தொட்டுக்கினு ஊத்துவாரு. ரெண்டு டம்ளர் வரும். ஒண்ணு அவரு குடிப்பாரு. இன்னொண்ண எதுர்ல வச்சிக்கினு குந்திக்கினு இருப்பாரு. ஆறுனதுக்கப்பால எனுக்குக் குடுப்பாரு. தெனமும் ஆறுன காப்பிதாம்மா எனுக்கு" என்றான்.

உங்கள் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

கோட்டின் அர்த்தத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. பற்றைப் பற்றிய அர்த்தமா, மற்றதா என்று நான் கேட்கப்போவதில்லை.

வருகிறேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இரண்டு தரம் எழுதியாகிவிட்டது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நேற்றுக் காலை மதரிடம் ஆறு மாத லீவு கேட்டேன், சம்மதித்துவிட்டார்கள். வருகிற வருஷம் பேப்பர் திருத்த என்னால் ஆகாது என்று எழுதிப் போட்டுவிட்டேன். டிசம்பர் இருபதாம் தேதி கல்கத்தா மெயிலில் எனக்கும், துணைக்கு லீவு முடிந்து திரும்புகிற பீர் முஹம்மதுவுக்கும் இடம் பார்த்திருக்கிறது. அனகாபள்ளியில் இறங்கி, சோடவரம் வழியாக பஸ்ஸில் வரவேண்டும் என்று அவன் சொன்னான். உங்கள் அக்கா எனக்குமுன்பே என் டிரங்குப் பெட்டியில் ஊறுகாய் ஜாடியை வைத்துவிட்டார்கள்.

நான் அங்கே வருவது உங்களுக்கு வேண்டாமென்றால், வேண்டாம் என்று ஒரு கார்டு போடுங்கள். எந்தக் கையால் எழுதினாலும் இந்தத் தரம் சரியாகப் படிப்பேன். அந்தக் கார்டு வந்தாலும் நான் உங்களைக் குறைசொல்லப்போவதில்லை. ஆனால் கையை மறைத்துக்கொள்வதற்காக அதை எழுதாதீர்கள். அந்தக் கையை எனக்குக் காட்டவேண்டும். நான் செய்ததை நான் பார்க்கவேண்டும்.

பீர் முஹம்மதுவுக்கென்று ஒரு தனிப் பாத்திரம் செய்து வைத்திருக்கிறேன். கனகராஜ் இன்று மத்தியானம் ரிவிட்டு அடித்துக் கொடுத்தான். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இனி அவன் சூடாகவே குடிக்கட்டும்.

மலைப் பாதையில் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று யாருக்கும் நிச்சயமில்லையாம். நீங்கள் வழக்கமான நேரத்துக்கே காப்பி போடுங்கள், எனக்காகப் பட்டினி இருக்கவேண்டாம். கோடுவரை ஊற்றுங்கள். இரண்டாவது டம்ளரை மூடி, உங்கள் பழைய கோட்டில் தைத்த அந்தச் சட்டைக்குள் வைத்துக் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் சூடு தாங்கும். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் கையைத் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

உங்கள்,
ஃப்ளோரன்ஸ்